படத்தில் பார்த்த அமெரிக்காவை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி சுருக்கமாக இது. தம்பி மேற்படிப்புக்காக ஆகஸ்டில் அமெரிக்கா போகிறான். தமிழ் பேசும் ஹாலிவுட் படங்களைத் தொலைக்காட்சியில் விடாமல் பார்க்கும் அம்மா கலங்கிப் போயிருக்கிறார். அங்கே தெருவுக்குத் தெரு துப்பாக்கிச் சூடு நடக்கும், பிள்ளைகள் பெற்றவர்களை எடுத்தெறிந்து பேசுவார்கள், பதினெட்டு வயதானால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்பது அவருடைய பயம். அமெரிக்கப் பண்பாட்டைப் படங்கள் உள்ளபடி காட்டுகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். போகாத ஊரைப் பற்றிப் படத்தை வைத்து எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்பதுதானே? முதல் கேள்விக்கு 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடங்கள் ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதினேன். சமூகவியல் படித்தவன் அல்ல. என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் வெடியும் புகையுமான பெரிய படங்கள். சிறிய முதலீட்டில் எடுக்கப்படும் நல்ல அமெரிக்கப் படங்கள் டப்பிங்குக்கு வருவதே அபூர்வம். அமெரிக்க மண்ணில் நான் மொத்தமாக இருந்தது ஐந்து மாதம், அதுவும் ஒஹாயோவில் மகள் வீட்டில். இந்த எல்லைகளை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் அம்மா பார்த்த அமெரிக்காவில் என்னைப் போன்றவர்களின் கைவேலையும் கலந்திருக்கிறது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல், 'யூ'. பேரன் தாத்தாவிடம் பேசினாலும் தாத்தா நாயிடம் பேசினாலும் அதேதான். தமிழில் எழுத உட்கார்ந்தவுடன் நீயா, நீங்களா என்று முடிவு செய்யாமல் ஒரு வரி நகராது. அம்மாவை நீ என்போம். அப்பாவை அழைப்பது வீட்டுக்கு வீடு மாறும். டப்பிங்கில் பொதுவாக நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம், மகன் அப்பாவை 'நீங்கள்' என்று தொடங்குவான், கோபம் வந்ததும் 'நீ' என்று இறங்குவான். காட்சி சூடு பிடிக்க அது வசதியாக இருந்தது. ஆங்கிலப் படத்தில் அந்தப் பையன் கோபப்பட்டான், அவ்வளவுதான். தமிழில் அவன் மரியாதை கெட்டவனாகிவிட்டான். அம்மா கண்ட அந்த 'எடுத்தெறிந்து பேசுதலில்' பாதி என் பேனாவிலிருந்து வந்தது.

இதற்கு நேர்மாறான தவறையும் செய்திருக்கிறோம். அந்தப் படங்களில் அப்பா மகனைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போது 'லவ் யூ' என்பார். நம் ஊரில் எந்த அப்பா அப்படிச் சொல்கிறார்? 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்று எழுதினால் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே சிரித்துவிடுவார்கள். எனவே 'பார்த்துப் போ' என்று எழுதினேன். 'யூ' என்று குவிந்த உதடு 'போ' என்று முடிந்தால் உதட்டசைவும் பொருந்திவிடும். பொருளும் ஏறக்குறைய அதுதானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். இப்படி ஒரு படத்துக்கு நூறு இடம். வாய்விட்டு அன்பு சொல்கிற அமெரிக்க அப்பாவைத் தமிழ் அப்பாவாக்கினேன். வெறுமனே சலித்துக்கொண்ட மகனை அடங்காப்பிடாரியாக்கினேன். தொலைக்காட்சியில் தமிழில் பார்ப்பவர்களுக்கு இந்தத் திரையையும் விலக்கிவிட்டுத்தான் ஹாலிவுட்டே தெரியும்.

சரி, மூலப் படத்தையே பார்த்தால்? இத்தனை வருடத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒரே வழி இதுதான். ஒரு படம் உரக்கச் சொல்லும் விஷயத்தைச் சந்தேகியுங்கள். விளக்கம் தராமல் கடந்து போகும் விஷயத்தை நம்புங்கள். வீரம், சுதந்திரம், தனி ஒருவன் அமைப்பையே எதிர்த்து வெல்வது என்று கதை எதை முழங்குகிறதோ அது விற்பனைச் சரக்கு. ஆனால் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், படத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வசதியான வீட்டுப் பையன் விடுமுறையில் உணவுக்கடையில் மேசை துடைக்கிறான், அதற்காகக் கதையில் யாரும் வருத்தப்படுவதில்லை. ஆண்பிள்ளை பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவியோடு சண்டை போடுகிறான். சண்டை கதைக்காக, பாத்திரம் வெறுமனே இருக்கிறது. சொந்த ஊர் ரசிகருக்கு அதெல்லாம் கேள்வியே எழுப்பாது என்று இயக்குநர் நினைத்ததால்தான் விளக்கமில்லாமல் விட்டிருக்கிறார். நான் பேனாவை வைத்துவிட்டு யோசிக்க நேர்ந்த இடங்கள் எல்லாம் இவைதான்.

இந்த வழி எனக்கே எவ்வளவு தாமதமாகப் புரிந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. மகள் வீட்டிலிருந்து கடைத்தெரு இரண்டு கிலோமீட்டர். காலையில் பால் வாங்கிவரலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் நடைபாதை நின்றுபோனது. புல்லின் மேல் நடந்தேன். பத்து நிமிடத்துக்குள் இரண்டு கார்கள் என் அருகே வேகம் குறைந்தன. ஒன்றில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்து பால் வாங்கப் போகிறவனுக்கு என்ன உதவி? அன்று இரவு படுக்கையில் யோசித்துப் பார்த்தேன். நான் வசனம் எழுதிய படங்களில் நெடுஞ்சாலை ஓரமாக நடந்து போனவர்கள் யார் யார்? வண்டி பழுதானவன், சிறையிலிருந்து வந்தவன், எல்லாவற்றையும் இழந்தவன். பெருநகரங்களை விட்டு வெளியே வந்தால் காரில்லாதவன் ஏதோ துன்பத்தில் இருக்கிறான் என்று பொருள். எந்தக் கதாபாத்திரமும் அதை வாயால் சொன்னதில்லை. இருபது வருடம் என் கண்முன் ஓடியும் நான் கவனித்ததில்லை.

இதே பொருளில் ஒரு பழைய கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. 1930-களின் பஞ்சத்தில் நிலமிழந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் ஓக்லஹோமா விவசாயிகளைப் பற்றி 1940-இல் ஒரு படம் வந்தது. முதலாளித்துவத்தின் கொடுமையைப் பாருங்கள் என்று சோவியத் யூனியனில் அதைத் திரையிட்டார்களாம். பார்த்தவர்கள், அங்கே பரம ஏழைக்கும் லாரி இருக்கிறதே என்று வாய்பிளந்தார்களாம். கதை அழகாகத்தான் இருக்கிறது. இந்த அழகே என்னைச் சந்தேகப்பட வைக்கிறது. இதைச் செவிவழிக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணமாக இருப்பது வேறொன்று. 1939-இல் வாஷிங்டன் செனட் சபையின் ஊழலைக் காட்டிய இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் ஒரு படத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பக்கூடாது, நாட்டின் மதிப்பு கெட்டுவிடும் என்று லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோசப் கென்னடி கொலம்பியா படநிறுவனத் தலைவருக்கு எழுதினார். பின்னாளில் அதிபரான கென்னடியின் தந்தைதான் இவர். படம் போகாமல் இல்லை. தன் நாட்டின் மேல்சபையையே திருடர் கூடமாகக் காட்டிய படத்தை வெளியிட முடிகிறதே என்பதுதான் அந்தப் படம் விளக்காமல் காட்டிய செய்தி. தூதருக்கு அது கண்ணில் படவில்லை.

இப்போது துப்பாக்கிக்கு வருகிறேன். அம்மாவின் பெரிய பயமும் அதுதான், ஹாலிவுட்டின் பெரிய பொய்யும் அங்கேதான் தொடங்குகிறது. கௌபாய் படம் பார்த்த யாருக்கும் கண்ணை மூடினால் ஒரு காட்சி வரும்: புழுதித் தெரு, எதிரெதிரே இருவர், இடுப்பில் துப்பாக்கி. அந்தக் காட்சிக்கு மூலமாகச் சொல்லப்படுவது அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த சண்டை. வயட் இயர்ப், அவருடைய சகோதரர்கள் இருவர், டாக் ஹாலிடே ஆகியோர் ஒரு பக்கம். கிளான்டன், மெக்லாரி குடும்பத்தார் மறுபக்கம். மொத்தச் சண்டையும் ஏறத்தாழ முப்பது விநாடி. மூன்று பேர் செத்தார்கள். 'ஓ.கே. குதிரைக் கொட்டடிச் சண்டை' என்று பெயரே தவிர, நடந்தது கொட்டடியில் இல்லை. சற்றுத் தள்ளி, ஒரு புகைப்படக்காரரின் வீட்டை ஒட்டிய குறுகலான காலி மனையில். எல்லாவற்றையும்விட முக்கியமானது சண்டையின் காரணம். ஊருக்குள் ஆயுதம் தாங்கி வரக்கூடாது, வந்தவர்கள் ஒப்படைத்துவிட வேண்டும் என்று டூம்ஸ்டோன் நகராட்சி அந்த வருடம்தான் ஓர் ஆணை போட்டிருந்தது. காவல் பொறுப்பிலிருந்த வயட்டின் அண்ணன் வர்ஜில் இயர்ப் அந்த ஆணையை நிறைவேற்றத்தான் தன் ஆட்களோடு போனார். டூம்ஸ்டோன் மட்டுமில்லை, கால்நடை வியாபாரத்தால் வளர்ந்த டாட்ஜ் சிட்டி போன்ற ஊர்களிலும் இப்படிக் கட்டுப்பாடு இருந்தது. துப்பாக்கிச் சுதந்திரத்தின் திருவுருவாக உலகம் முழுக்கப் பார்த்த காட்சி உண்மையில் ஒரு துப்பாக்கித் தடைச் சட்டத்தை அமல்படுத்தப் போன காட்சி. எத்தனை படம் வந்தாலும் நினைவில் நிற்பது அந்தச் சட்டம் இல்லை, துப்பாக்கியை உருவும் கைதான்.

இதை வைத்து இயக்குநர் ஜான் ஃபோர்டு 1946-இல் 'மை டார்லிங் கிளெமன்டைன்' எடுத்தார். அருமையான படம், இன்றும் பார்ப்பேன். ஆனால் 1926 வரை வாழ்ந்த இன்னொரு சகோதரர் ஜேம்ஸ் இயர்ப் அதில் தொடக்கத்திலேயே கொல்லப்படுகிறார். 1887-இல் காசநோயில் செத்த டாக் ஹாலிடே சண்டையில் சாகிறார். சண்டைக்கு இரண்டு மாதம் முன்பே இறந்துபோன கிழவர் கிளான்டன் உயிரோடு வந்து வில்லனாகிறார். ஊரையே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே தூக்கிக்கொண்டு போய் மானுமென்ட் பள்ளத்தாக்கின் செம்பாறைகளுக்கு நடுவே வைத்துவிட்டார். நடந்ததை வயட் இயர்ப்பே தன்னிடம் சொன்னதாக ஃபோர்டு சொல்லிக்கொண்டிருந்தார். இயர்ப் கடைசிக் காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில்தான் இருந்தார் என்பது உண்மை. 1929-இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் டாம் மிக்ஸ், வில்லியம் எஸ். ஹார்ட் என்ற இரண்டு கௌபாய் நடிகர்கள் உண்டு. நிஜக் கதாநாயகனைப் படக் கதாநாயகர்கள் தோளில் தூக்கிப் போயிருக்கிறார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கௌபாய் என்றாலே வெள்ளையர் என்று பதிந்ததும் படத்தால்தான். மாடு மேய்த்தவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவராக இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. தொழிலை முதலில் செய்தவர்கள் மெக்சிக்கோவின் வக்கேரோக்கள். சுருக்குக் கயிறுக்கான லாஸோ, பண்ணைக்கான ரான்ச், ரோடியோ எல்லாம் ஸ்பானியச் சொற்களிலிருந்து வந்தவை. அறுபதுகளில் உலகத்தை ஆட்டிப்படைத்த கௌபாய் படங்களோ இத்தாலியர்கள் ஸ்பெயினின் அல்மேரியா வறண்ட நிலத்தில் எடுத்தவை. அவர்களில் பேர்போன இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் முதல் கௌபாய் படக் கதை ஜப்பானிய இயக்குநர் குரோசவாவிடமிருந்து எடுத்தது. குரோசவா ஜான் ஃபோர்டின் பக்தர். இப்படி ஊர் சுற்றி வந்த சரக்கைத்தான் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒளிப்பதிவாளர் கர்ணன் ஜெய்சங்கருக்குத் தொப்பி மாட்டி, குதிரை ஏற்றி நமக்குக் கொடுத்தார். நாங்கள் விசிலடித்துப் பார்த்தோம். அதில் அமெரிக்கா எத்தனை சதவீதம் என்று அன்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஆனால் அம்மாவின் பயம் முழுக்கப் பொய் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். பொதுமக்கள் கையில் உள்ள துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேல் என்று 2018-இல் ஒரு சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. மக்கள்தொகையைவிட அதிகம். வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொல்கிறார்கள். 2021-இல் மட்டும் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இந்த எண்ணிக்கையைப் படம் மிகைப்படுத்தவில்லை. படம் பொய் சொல்வது அந்தச் சாவின் வடிவத்தில். அந்த 48,830 பேரில் பாதிக்கு மேல், 54 சதவீதம், தற்கொலை. பூட்டிய அறையில், தனியாக, இசையில்லாமல் நடப்பது. அதைப் படமாக எடுத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? தெருவில் நடக்கும் வாணவேடிக்கைதான் விற்கிறது. தம்பிக்கு நான் சொல்வது இதுதான்: ஊருக்கு ஊர், பகுதிக்குப் பகுதி நிலைமை மாறும். எந்தப் பக்கம் இரவில் போகக்கூடாது என்று அங்கே இருக்கும் மாணவர்களிடம் முதல் வாரமே கேட்டுக்கொள்ளட்டும்.

படம் உரக்கச் சொல்வதை ஏன் சந்தேகிக்கச் சொல்கிறேன் என்றால், அந்தக் குரலில் எப்போதும் மூன்றாவது ஆள் ஒருவர் சேர்ந்து பேசுகிறார். 1934 முதல் அது ஜோசப் பிரீனின் அலுவலகம். அரசாங்கத் தணிக்கை வந்துவிடும் என்று பயந்து தயாரிப்பாளர்களே வைத்துக்கொண்ட தணிக்கை அது. ஹேஸ் விதிகள் என்பார்கள். குற்றவாளி தப்பக்கூடாது, மதகுருவைக் கேலி செய்யக்கூடாது, வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைக் காட்டக்கூடாது. அந்த நாளைய படங்களில் கணவனும் மனைவியும்கூட ஆளுக்கொரு கட்டிலில்தான் படுப்பார்கள். 1968-இல் வயதுவாரிச் சான்றிதழ் முறை வரும்வரை அந்த விதிகள் பெயரளவிலாவது உயிரோடு இருந்தன. ஆக முப்பத்து நான்கு வருடம் உலகம் பார்த்த 'அமெரிக்க ஒழுக்கம்' ஓர் அலுவலகத்தின் பச்சை மை. 1942-இல் போர்ச் செய்தி அலுவலகம் வந்தது. இந்தப் படம் போரை வெல்ல உதவுமா என்பதுதான் அது தயாரிப்பாளர்கள் முன் வைத்த கேள்வி. பிறகு பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகம். போர்க்கப்பலும் விமானமும் வேண்டுமென்றால் திரைக்கதையைக் காட்ட வேண்டும், சொன்ன திருத்தத்தைச் செய்ய வேண்டும். கடற்படை விமானிகளைப் பற்றி 1986-இல் வந்த 'டாப் கன்' கடற்படையின் ஒத்துழைப்போடு எடுத்தது. வியட்நாம் போரைப் பற்றிய 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. அதன் இயக்குநர் கொப்போலா பிலிப்பைன்ஸ் அரசின் ஹெலிகாப்டர்களை வாங்கிக்கொண்டு படமெடுத்தார். கிளர்ச்சியாளர்களை எதிர்க்க வேண்டியபோது அவை படப்பிடிப்பின் நடுவிலேயே பறந்து போய்விடும்.

இப்போது அந்த மூன்றாவது ஆள் வெளிநாட்டுச் சந்தை. பெரிய படங்களின் வசூலில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வர ஆரம்பித்த பிறகு சீனாவின் மனம் கோணாமல் நடக்க வேண்டியதாயிற்று. 2012-இல் வெளியான 'ரெட் டான்' மறுஆக்கத்தில் அமெரிக்காவைப் படையெடுத்து வருகிறவர்களைச் சீனர்களாகத்தான் எடுத்திருந்தார்கள். எடுத்து முடித்த பிறகு கொடிகளையும் சின்னங்களையும் கணினியில் மாற்றி வடகொரியர்களாக்கினார்கள். 'டாப் கன்' இரண்டாம் பாகத்தின் முன்னோட்டம் 2019-இல் வந்தபோது கதாநாயகனின் தோல்சட்டையிலிருந்த தைவான் கொடியைக் காணவில்லை. 2022-இல் படம் வந்தபோது கொடி திரும்பியிருந்தது. எங்கள் வேலையிலும் இதன் சாயல் தெரியும். வசனம் குறைந்துகொண்டே வந்தது. எந்த நாட்டிலும் புரிய வேண்டும் என்று உள்ளூர்ப் பகடி, உள்ளூர் அரசியல் எல்லாவற்றையும் உரித்து எடுத்துவிட்டு அனுப்புவார்கள். எழுதுவதற்குச் சுலபம், எழுதி முடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அமெரிக்கப் படத்தில் அமெரிக்கா குறைந்துகொண்டே வந்த காலம் அது.

குடும்பப் படங்களில் வரும் அந்த அழகான சிற்றூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ் என்றால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தவறாமல் வரும் 1946-ஆம் வருடத்துக் காப்ரா படம் ஒன்று இருக்கிறது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. பனி கொட்டும் சிற்றூர், ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் அயலார். காப்ரா சிசிலியில் பிறந்து ஆறு வயதில் கப்பலேறி வந்தவர். அந்த ஊர் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஸ்டுடியோ நிலத்தில் கட்டிய அரங்கம். படம்பிடித்தது கோடை வெயிலில். பனி என்பது தீயணைப்பு நுரையும் சோப்பும் தண்ணீரும். வெளியானபோது எதிர்பார்த்த வசூல் இல்லை. வங்கிக்காரரைக் கெட்டவராகக் காட்டுகிறது, இதில் கம்யூனிச வாடை அடிக்கிறது என்று எஃப்.பி.ஐ. குறிப்பு எழுதி வைத்தது. 1974-இல் உரிமையாளர்கள் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறினார்கள். கட்டணமில்லாமல் கிடைக்கிறதே என்று தொலைக்காட்சி நிலையங்கள் வருடாவருடம் போட்டுத் தள்ளின. போட்டுப் போட்டே அது நாட்டின் மரபாகிவிட்டது. ஒரு நாட்டின் விழுமியம் என்று நாம் பயபக்தியோடு பேசுவதில் யாரோ ஒரு குமாஸ்தாவின் மறதிக்கும் பங்கு இருக்கிறது.

நீதிமன்றக் காட்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போலீஸ்காரர் கைவிலங்கு மாட்டிக்கொண்டே, பேசாமலிருக்க உனக்கு உரிமை உண்டு என்று ஒப்பிப்பார். அந்த வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. 1966-இல் உச்ச நீதிமன்றம் மிராண்டா வழக்கில் தந்த தீர்ப்பிலிருந்து வந்தது அது, உண்மையான நடைமுறை. ஆனால் சட்டப்படி அதைச் சொல்ல வேண்டியது காவலில் வைத்து விசாரிப்பதற்கு முன்பு. விலங்கு மாட்டும் அந்த நொடியில் சொல்லியாக வேண்டும் என்பது படக்காரர்களின் வசதி. பன்னிரண்டு ஜூரர்கள் வியர்த்து விவாதிப்பதும் அப்படியே. கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டனை பெறுபவர்களில் 97 சதவீதமும், மாநிலங்களில் 94 சதவீதமும் விசாரணையே இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசி முடித்தவர்கள் என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதியது. மேசைக்கு இருபுறம் இரண்டு வக்கீல்கள் உட்கார்ந்து எத்தனை வருடம் என்று பேசி முடிப்பதில் நாடகம் ஏது?

குடும்பம் பற்றிய பயத்துக்கு எண்ணிக்கையே ஓரளவு பதில் சொல்லும். 2021-இல் அமெரிக்க மக்களில் 18 சதவீதம் பேர், ஏறத்தாழ ஆறு கோடிப் பேர், இரண்டோ அதற்கு மேலோ வயது வந்த தலைமுறைகளோ தாத்தா பேரனோ சேர்ந்து வாழும் வீடுகளில் இருந்தார்கள் என்று பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. ஐம்பது வருடத்துக்கு முன்பிருந்ததைவிட இது இரட்டிப்புக்கும் மேல். வாடகை ஏறியது, குடியேறி வந்தவர்கள் பெருகினார்கள், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. காரணங்கள் நமக்குப் பழக்கமானவைதான். மணவிலக்கு விகிதமும் 1980 வாக்கில் உச்சிக்குப் போய் இறங்கிக்கொண்டிருக்கிறது. பெரிய படங்களின் கதாநாயகன் மட்டும் எப்போதும் மனைவியைப் பிரிந்தவன், வார இறுதியில் மகளைப் பார்க்க வருகிறவன். அது சமூக ஆய்வு இல்லை, திரைக்கதை வசதி. உலகத்தைக் காப்பாற்றப் போகிறவனுக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ண வேண்டிய கட்டாயம் இருக்கக்கூடாது. கோயிலுக்குப் போகும் அமெரிக்கர்களையும் இந்தப் படங்களில் காண்பது அரிது. கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் தேவாலயம் வரும். என் மகள் தெருவில் ஞாயிறு காலையில் பாதிக் கார்கள் வாசலில் இருக்காது.

இவ்வளவும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. படங்கள் பார்ப்பவரின் மனதை எவ்வளவு மாற்றுகின்றன என்று கேட்டால் என் குரல் தாழ்ந்துவிடும். 'டாப் கன்' வந்ததும் கடற்படையில் சேருவோர் 500 சதவீதம் பெருகினார்கள் என்று ஓர் எண் ஊரெல்லாம் உலவுகிறது. திரையரங்கு வாசலில் ஆள்சேர்ப்பு மேசை போட்டது உண்மை. அந்த எண்ணுக்கு ஆதாரம் கிடையாது. 1934-இல் கிளார்க் கேபிள் ஒரு படத்தில் சட்டையைக் கழற்ற உள்ளே பனியன் இல்லை, அதனால் நாடு முழுக்கப் பனியன் வியாபாரம் படுத்துவிட்டது என்பதும் அதே ரகம். நிதானமான வேலை செய்தவர் என்றால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கெர்ப்னர். அதிகமாகத் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் வெளியுலகத்தை இருப்பதைவிட ஆபத்தானதாக நினைக்கிறார்கள் என்று அவர் அறுபதுகளின் இறுதியிலிருந்து ஆராய்ந்து சொன்னார். அந்தத் தொடர்பு மெல்லியது, அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம் என்று மறுத்தவர்களும் உண்டு. உங்கள் அம்மாவைப் பார்த்தால் கெர்ப்னர் பக்கம் சாயத் தோன்றுகிறது. ஆனால் பிள்ளையை முதன்முதலாகக் கடல்கடந்து அனுப்பும் எந்தத் தாயும் படம் பார்க்காமலேயே இவ்வளவு பயப்படுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் என் சார்பாக இதைச் சொல்லுங்கள். பயப்பட வேண்டியவற்றைப் படம் காட்டுவதில்லை. மருத்துவக் காப்பீட்டில் எது அடங்கும், எது அடங்காது என்று தம்பி போவதற்கு முன்பே வரி விடாமல் படிக்க வேண்டும். அங்கே ஒரு கை முறிவு ஒரு செமஸ்டர் கட்டணத்தை விழுங்கிவிடும். அறை எடுக்கும்போது பஸ் போகும் தெருவா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் போல் புல்லில் நடப்பான். பேராசிரியர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் நாக்கு எழாமல் சில வாரம் தவிப்பான், பிறகு பழகிவிடும். இன்னொன்றுக்கும் அம்மா தயாராக இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து, தொலைபேசியை வைக்கும்போது அவன் திடீரென்று 'லவ் யூம்மா' என்று சொல்லக்கூடும். அது படத்தில் மட்டும் வருவதில்லை, அங்கே நிஜமாகவே அப்படித்தான் சொல்கிறார்கள். என் பேரன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்கிறான். பதிலுக்கு அதையே திருப்பிச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. 'சரிடா, வேளைக்குச் சாப்பிடு' என்று வைத்துவிடுகிறேன்.